இடுப்பில் தம்பி, கையில் கேமரா

இந்த மலரின் அட்டையில் அம்மா வாய்விட்டுச் சிரிக்கிறார். முதலாண்டு நினைவு மலருக்கு இந்தப் படம்தானா, ஸ்டூடியோவில் எடுத்த அமைதியான படம் இல்லையா என்று உறவினர்கள் சிலர் கேட்டார்கள். இருக்கிறது. அதில் அம்மா யாரோ திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் போல உட்கார்ந்திருக்கிறார். அட்டைப் படம் எங்கள் வீட்டுக் கேமராவில் தம்பி எடுத்தது. அந்தக் கேமராவை அம்மா தேடி வாங்கியதைச் சொன்னாலே அவரைப் பற்றிப் பாதி சொன்னதாகிவிடும்.

அம்மா பிறந்தது ஜோகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில். பள்ளிக்கூடம் போகாமல் சிறு வயதிலேயே ரப்பர் பாலுக்கு மரம் சீவப் போனார். அப்பாவை மணந்து சிங்கப்பூர் வந்து, சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடி அறையில் குடித்தனம் தொடங்கினார். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. ஜப்பான்காரர் காலத்தில் மரவள்ளிக் கிழங்கே சாப்பாடு என்று இருந்தபோதும், பக்கத்து அறைக்காரர்களுக்கு ஒரு துண்டு கொடுக்காமல் அம்மா வாயில் வைத்ததில்லை என்று அப்பா சொல்வார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்தே அம்மா என்னைப் படிக்க வைத்தார். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், இன்று ஆசிரியை. இதைப் பெருமையாகவே எழுதுகிறேன். அம்மா இதைவிடச் சத்தமாகத் தேக்கா மார்க்கெட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு முன் அம்மாவுக்கு ஒரு மகன் பிறந்து, எட்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டான். ஒரு வயது ஆவதற்குள் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பெரியவர்கள் சொன்னதால் அவனுக்குப் படமே கிடையாது. சில ஆண்டுகளில் அவன் முகம் அம்மாவுக்கு மறந்துவிட்டது.

"கண்ண மூடினா தொட்டில் தெரியுது, தொட்டில் சேலை தெரியுது. உள்ள பிள்ளை முகம் மட்டும் தெரியலடி" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

எனக்குப் பதிமூன்று வயதானபோது தம்பி பிறந்தான். அவன் உட்காரத் தொடங்கியதும் அம்மா முடிவு செய்துவிட்டார்: இவன் முகத்தைத் தவறவிடக் கூடாது, வீட்டிலேயே ஒரு கேமரா வேண்டும். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, உடனே தடுத்தார்.

"ஒரு வயசு முடியட்டும். அதுக்குள்ள படம் கிடம் எடுத்து வைக்காத."

"மூத்தவன எடுக்காமத்தான் வச்சிருந்தோம், அண்ணி. அவனுக்கு ஆயுசு கூடிச்சா?"

அடுத்த சனிக்கிழமை அப்பா, அம்மா, நான், தம்பி நால்வரும் நார்த் பிரிட்ஜ் ரோட்டில் ஒரு நானாவின், அதாவது தமிழ் முஸ்லிம் வியாபாரியின், கேமராக் கடைக்குப் போனோம்.

நானா அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார். எண்களும் வளையங்களும் நிறைந்த ஜெர்மன் கேமரா ஒன்றை எடுத்து வைத்தார்.

"அருமையான சாமான். வெளிச்சம் பார்த்து இதத் திருப்பணும், தூரம் பார்த்து இதத் திருப்பணும்."

"அதுக்குள்ள இவன் சிரிச்சு முடிச்சு அழவே ஆரம்பிச்சிருவான், நானா" என்றார் அம்மா.

அடுத்து, குனிந்து மேலிருந்து பார்க்கும் பெட்டிக் கேமரா வந்தது. அம்மா இடுப்பில் தம்பியோடு ஒரு கையில் அதை வாங்கிக் குனிந்தார். தம்பி கண்ணாடியை உள்ளங்கையால் பொத்தினான். அவன் கையை விலக்கிப் பார்த்தால், அப்பா இடப்பக்கம் நகர நகர, பெட்டிக்குள் வலப்பக்கம் போனார்.

"உங்கப்பா எந்தப் பக்கம் போறாருன்னு எனக்கு வீட்டுலயே தெரியாது. இதுல வேற பார்க்கணுமா?"

அப்பாவே சிரித்துவிட்டார்.

"தங்கச்சி, பிள்ளைய இறக்கி விட்டுட்டுப் பாருங்களேன். இடுப்புல இருக்கற பிள்ளைய எப்படிப் படம் எடுப்பீங்க?" என்றார் நானா, இப்போது அம்மாவைப் பார்த்து.

"இறக்கி விட்டுத்தான் எடுப்பேன். இவர் வேலைக்குப் போயிருவாரு, இவ பள்ளிக்கூடம் போயிருவா. ஒரு கையால இவன பாயில உட்கார வச்சு, மூஞ்சி மாறுறதுக்குள்ள மறு கையால அமுக்கணும். அப்படி ஒன்னு இருந்தா காட்டுங்க. இல்லன்னா பக்கத்துக் கடைக்குப் போறோம்லா."

நானா உள்ளே போய்த் தூசி தட்டிக்கொண்டே ஒரு சின்னக் கறுப்புக் கேமராவைக் கொண்டுவந்தார். கண்ணை வைத்துப் பார்க்க ஒரு துளை, அமுக்க ஒரு பொத்தான், ஃபிலிமைச் சுற்ற ஒரு திருகு; அவ்வளவுதான். அம்மா தம்பியைக் கடைத் தரையில் இறக்கினார், அமுக்கினார், தூக்கினார், மறுபடி இறக்கினார். தம்பிக்கு அது விளையாட்டாகிவிட்டது. "இதுதான்" என்றார் அம்மா. கூட வந்த ஆங்கிலக் குறிப்பைப் பேருந்தில் நான் படித்துச் சொன்னேன்: எடுப்பவரின் முதுகுப் பக்கம் வெயில் இருக்க வேண்டும், இரண்டு கஜம் தள்ளி நிற்க வேண்டும். "எம் பொண்ணு இங்கிலீஷ் படிச்சு சொல்றா" என்று அம்மா முன் இருக்கைக்காரரைத் தட்டிச் சொன்னார்.

மறுநாள் காலை, பின் சந்தில் வெயில் விழும் இடத்தில் பாய் விரித்துத் தம்பியை உட்கார வைத்தோம். அம்மா கேமராவைக் கண்ணில் வைத்ததும் அத்தை குறுக்கே வந்து நின்றார்.

"எடுக்கறதா இருந்தா என்னை முதல்ல எடு."

"நகருங்க அண்ணி."

"குறையறது எனக்குக் குறையட்டும். ஒரு மாசம் பார்ப்போம். நான் நல்லா இருந்தா அவன எடு."

தம்பிக்கு எட்டாவது மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் காத்திருப்பது அம்மாவுக்குச் சின்ன விஷயமில்லை. ஆனாலும், "சிரிங்க அண்ணி" என்றார்.

"சாகப் போறவ சிரிப்பாளா? அமுக்கு."

அந்த மாதம் எங்கள் வீட்டில் அத்தையைத் தாங்கியதுபோல் யாரையும் தாங்கியதில்லை. காலையில் முட்டை, இரவில் பால். தெருவைக் கடக்க அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். ஒருநாள் அத்தை தும்மினார். எல்லாரும் அப்படியே நின்றுவிட்டோம். "ரசத்துல இவ்வளவு மிளகு போட்டா தும்மாம என்ன செய்வாங்க?" என்று சத்தம் போட்டார். மாதம் முடிந்த காலையில் அவரே தம்பியைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கன்னத்தில் மைப்பொட்டு வைத்துப் பாயில் உட்கார வைத்தார். "ம், எடு." தம்பி கொட்டாவி விட்டு முடித்த நொடியில் அம்மா அமுக்கினார்.

கழுவி வந்த படத்தை அம்மா சன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணி, இந்தக் காதப் பாருங்களேன். ஒன்னு மட்டும் வெளிய தள்ளிக்கிட்டு."

"அட, மூத்தவனுக்கும் இதே காதுதான! தொப்பி போட்டா நிக்காதே."

"ஆமா. மூக்கும் அவனுதுதான். தெரியுது அண்ணி, இப்ப தெரியுது."

இருவரும் அழுதார்கள், பிறகு தம்பியின் காதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றிலிருந்து எங்கள் சந்தில் பிறந்த எந்தக் குழந்தையும் அம்மாவின் கேமராவுக்குத் தப்பவில்லை. கடைசி நாட்களில் மருத்துவமனைக் கட்டிலிலிருந்துகூட, எதிர்க்கட்டில் சீன அம்மையாரின் பேரக் குழந்தையைப் படம் எடுக்கத் தம்பியை அனுப்பினார். அந்த அம்மையார் தந்த ஆரஞ்சுப் பழத்தை அம்மா எங்கள் எல்லாருக்கும் உரித்துக் கொடுத்தார்.

அம்மாவை அன்போடு கவனித்த மருத்துவர்கள், தாதியர், இரவும் பகலும் சமைத்துக் கொண்டுவந்த அண்டை வீட்டார், கடைசிவரை உடன் நடந்தவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தம்பிக்காகத் தன் ஆயுசை முதலில் பணயம் வைத்த அத்தைக்கு நன்றி சொன்னால் திட்டுவார், அதனால் எழுதிவிட்டேன்.

இன்று பூசை முடிந்ததும், வெயில் இருக்கும்போதே தம்பி எல்லாரையும் ஒன்றாகப் படம் எடுக்கப் போகிறான். யாரும் அவசரமாகப் புறப்பட வேண்டாம். கைக்குழந்தையோடு வந்திருப்பவர்கள் தயங்காமல் முன்வரிசையில் உட்காருங்கள்.