அட்டையின் கடைசிப் பக்கம்

தேங்காய்நார்க் கயிறு உள்ளங்கையை அறுக்கும் அந்தச் சொரசொரப்பு இன்னும் மறக்கவில்லை…

எங்கள் பங்குக் கோவில் மணியைக் கையால் இழுத்து அடித்த நாட்கள் அவை. நான் கோவில்பிள்ளை. மணியடிப்பதும் திருப்பலியில் வாசகம் படிப்பதும் என் பணி.

வில்லியனூர்ப் பக்கத்தில் எங்கள் தெருவில் கண்ட ஒரு மாலையை நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஏழு மணிக்கு மாலை மணி. அன்று ஏழாக இருபது நிமிடம் இருக்கையில் எதிர்வீட்டு லூர்துமேரி மூச்சிரைக்க ஓடி வந்தாள். கறவை மாட்டுக்கு மகளிர் குழு வழியாக ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கியவள். மாடு செத்தது, இரண்டு தவணை நின்றது.

“பெரியப்பா, வசூல்காரன் அஞ்சு மணிலேருந்து வாசல்ல குந்திக்கினு இருக்கான். ஏழு மணிக்கு மடுகரையிலேருந்து பொண்ணு பாக்க வராங்க. ‘வரட்டும், அவங்ககிட்டயே கேக்குறேன்’றான். ஏழுக்கு மேல நிக்கக் கூடாதுன்னு கடன் அட்டையில போட்டிருக்காமே… மணிய இப்பவே அடிச்சிடு.”

“அவன் கையில போன் இருக்குதே லூர்து. அது மணி காட்டாதா?”

“அது அவனுக்கு. தெருவுக்கு உன் மணிதான்.”

மனம் அசைந்தது உண்மை. ஆனாலும் அந்த மணியைக் கொண்டு நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

“அட்டைய எடுத்து வை. சரியா ஏழுக்கு அடிச்சிட்டு வரேன்.”

அடித்தேன். கயிற்றைச் சுருட்டி மாட்டாமலே நடந்தேன்.

லூர்து வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் ஹெல்மெட்டுடன் அமர்ந்திருந்தார் அந்த மனிதர்.

“தம்பி, ஏழு ஆச்சிப்பா.”

“கோயில் மணிக்கும் எங்க கம்பெனிக்கும் இன்னா சம்பந்தம் பெருசு? போய் வேலையப் பாரு.”

அடகு கேட்க வருபவன் வாசலுக்கு வெளியே நிற்கவேண்டும் என்று கடவுள் முன்னோருக்கு இட்ட கட்டளையை விவிலியத்தில் பலமுறை படித்தவன் நான். அதை அவரிடம் சொல்லி என்ன பயன்? லூர்துவின் கடன் அட்டையைத் தெருவிளக்கின் கீழ்ப் பிடித்தேன். கடைசிப் பக்கம், எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்து.

உரக்கப் படிக்க எனக்கு ஒரே முறைதான் தெரியும். பீடத்தருகே நின்று படிப்பதுபோலவே படித்தேன்.

வசூலுக்கு வருபவர் காலை எட்டுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் கடன்தாரரைத் தேடி வரலாகாது… உறவினர் முன் இழிவுபடுத்தலாகாது… மீறினால் நிறுவனத்திடம் புகார் செய்யலாம்; அங்கே விடை கிடைக்காவிடில் மைய வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

வழக்கம்போல் முடிவில் சற்றே நிறுத்தினேன்.

மணி கேட்டு வாசலுக்கு வந்திருந்த பெண்கள், திருப்பலியில் வாசகம் முடிந்ததும் சொல்லும் பழக்கத்தில், ஒரே குரலாய்ச் சொன்னார்கள்:

“இறைவா, உமக்கு நன்றி.”

பிறகு யாரோ சிரித்தார்கள். அந்த மனிதராலும் முகத்தை இறுக்கமாக வைத்திருக்க முடியவில்லை.

“நல்லாத்தான் படிக்கிற பெருசு. மேல இருக்கறவன் என்னைப் புடுங்குறான், நான் இன்னா பண்றது…”

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். அவர் வண்டி முனை திரும்பவும் மடுகரை வேன் தெருவுக்குள் நுழையவும் சரியாக இருந்தது.

மறுநாள் புகாரை நான் எழுத, லூர்து கையெழுத்திட்டாள். நிறுவனம் வாய் திறக்கவில்லை. குறைதீர்ப்பாளருக்கு எழுதினோம். சில வாரங்களில் நிறுவனத்திடமிருந்து மன்னிப்புக் கடிதம் வந்தது, தவணைகளும் தளர்ந்தன. கடனை அவள் முழுவதும் அடைத்தாள். வாங்கியதைத் திருப்பித் தரவேண்டும் என்பதில் அவளுக்கும் எனக்கும் ஐயமே இருந்ததில்லை. மகள் இன்று மடுகரையில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

இப்போது மணியை மோட்டார் அடிக்கிறது. கயிறு எங்கே போயிற்றோ…

என் சிறுவயதில், திருவிழாவுக்கு முந்தின நாள், ஊர் பார்க்க எங்கள் வீட்டுப் பித்தளை அண்டாவைக் கடன் கொடுத்தவர் இழுத்துப் போனார். அப்பா தலைகுனிந்து நின்றார். அவர் கைநாட்டு வைத்த தாள் ஒரே பக்கந்தான்.

இன்று எங்கள் தெருப் பெண்கள் கடன் அட்டை கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திறக்கிறார்கள்.