ஒரே நிறைக்காரர் இரண்டு பேர்

நிறுக்கிறதுதான் எங்கடை தொழில், ஆனா எங்கடை தராசிலை மரக்கறி வைக்கேலாது. ஒஸ்லோவிலை ஒரு ஆய்வுகூடம். புரதத் துண்டுகளை உடைச்சு, உடைஞ்சதை நிறுத்து, அதிலை என்னென்ன அமினோ அமிலம் எண்டு காட்டுற மெஷினுக்கு நான் காவல். இதே மெஷினோடை மாரடிக்கிற சகபாடியளே, உங்களை அழவைக்கிற ஆக்கள்தான் என்னையும் அழவைக்கினம்: லூசினும் ஐசோலூசினும். அதே அணுக்கள், அதே நிறை, ஒரு கிளை மட்டும் இடம் மாறி முளைச்சிருக்கும்.

வீட்டு ஆலோசனை

மோர்டென்ஸ்ருட்டிலை எங்கடை வீட்டுச் சாப்பாட்டு மேசையிலை மனுசிக்கு விளங்கப்படுத்தினனான். "இரட்டைப்பிள்ளையள் மாதிரியப்பா. தராசிலை ஏத்தினா ஆர் எவர் எண்டு தெரியாது."

அவ சோறு போட்ட கையை நிப்பாட்டேல்லை. "அப்ப தராசை விட்டிட்டு ஒருக்கா முகத்தைப் பாருங்கோவன்."

வாபலும் சம்மதமும்

இரண்டாயிரத்து ஏழு வாக்கிலை எங்களிட்டை ஷர்மிளா ஆராய்ச்சி செய்தவ; இஞ்சை பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கொட் மீன்ரை தோலிலையிருந்து கிருமியைக் கொல்லுற பெப்டைட் ஒண்டை, அதாவது ஒரு சின்னப் புரதத் துண்டைப் பிரிச்செடுத்தா. அதின்ரை அமினோ அமில வரிசையை முழுக்க வாசிச்சிட்டம், நாலாவது இடம் மட்டும் லூசினோ ஐசோலூசினோ தெரியேல்லை.

வெள்ளிக்கிழமையிலை எங்களுக்கு வாபல் எண்ட நோர்வே அப்பம் தின்னுற கூட்டம். பேராசிரியர் ஓலா வாய் நிறைய வாபலோடை, "லூசின்தானே புரதங்களிலை கனக்க இருக்கிறது. அல்லே எனிகே? எல்லாரும் சம்மதமோ?" எண்டார். ஷர்மிளாவைத் தவிர எல்லாக் கையும் எழும்பிச்சு.

சென்னையிலையிருந்து வந்த ராகவனிட்டைப் பிறகு கேட்டன், "லூசின் எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கு எங்க சார் தெரியும்? எல்லாரும் தூக்கினாங்க, தூக்கிட்டேன்."

சாகாத கிருமி

லூசின் போட்டுப் பெப்டைட்டைச் செயற்கையாச் செய்வித்தம். கிருமியள் அதைத் திண்டு கொழுத்த மாதிரிப் பெருகிச்சுதுகள். ஷர்மிளாவின்ரை ஆய்வேட்டிலை கடைசி அத்தியாயமே அதுதான். அது போனால் பட்டமும் போச்சு. ஆதாரம் காட்டாமல் இன்னொருக்காச் செய்விக்கக் காசும் தரமாட்டினம்.

மீன்தோலிலை எடுத்ததிலை கடைசித் துளிதான் மிச்சம். மெஷினிலை வேறை மாதிரி, பலமா அடிச்சா அந்தப் பக்கக் கிளையே முறியும். லூசின் எண்டா நிறையிலை 43 குறையும், ஐசோலூசின் எண்டா 29. ஆனா சரிவராட்டி துளியும் இல்லை, விடையும் இல்லை. ஷர்மிளா அனுமதி கேட்டா. ஓலா தாடியைத் தடவினார்.

"முதல்லை ஒரு சின்னக் குழு அமைச்சுக் கதைப்பமே?"

கடைசித் துளி

அவ குழுவைப் பாத்துக்கொண்டு இருக்கேல்லை. "அங்கிள், ஏத்துங்கோ. ஏச்சு விழுந்தா எனக்கு விழட்டும்." ஏத்தினன். திரை முழுக்க வெறும் இரைச்சல். அவ நகத்தைக் கடிக்கிற சத்தம்கூடக் கேட்டுது. பிறகு மெல்லிசா ஒரு கோடு எழும்பிச்சு. கழிச்சுப் பாத்தம்: 29.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் கோட்டைச் சுவரிலை பெரிசாப் போட்டுக் காட்டினா. ஓலா அதைப் பாத்தார். பிறகு வாபலுக்கு ஜாம் பூசிக்கொண்டே,

"மெத்த நல்லது. அப்ப ஐசோலூசின். எல்லாரும் சம்மதமோ?"

புதுசாச் செய்வித்த பெப்டைட்டிலை கிருமியள் செத்து ஷர்மிளாவின்ரை அத்தியாயம் தப்பினது, அதுகள் வெள்ளிக்கிழமைக் கூட்டங்களுக்கு வாறதில்லை எண்ட ஒரே காரணத்தாலை.