தொட்டிமேல் பதினேழு முத்திரை

சாயப்பட்டறைத் தொட்டிக்காரரைப் போல ஒரு சந்தேகப் பிராணி பூமியில் பிறந்ததே இல்லை. தொட்டிலில் கிடக்கும்போதே பாலை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். சரி, இந்தப் பெரியம்மா கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். முகரும் பழக்கம் நாற்பது வயதுக்குமேல் வந்தது. அதற்கும் காரணம் உண்டு.

பட்டறையின் கழிவுநீர் கடைசியாக வந்து நிற்கும் தொட்டி அவர் பொறுப்பு. பதிவேட்டில் அவர் கையெழுத்து விழுந்தால்தான் வால்வு திறக்கும். தண்ணீர் வாய்க்காலில் இறங்கி நேராக அவர் தங்கையின் காய்கறித் தோட்டத்துக்குப் போகும். ஒரு தடவை, கண்ணாடிபோல் தெளிந்திருக்கிறதே என்று நம்பிக் கையெழுத்துப் போட்டார். மேலாளர் யாருக்கும் தெரியாமல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டியிருந்த சங்கதி அப்புறம்தான் தெரிந்தது. மறுவாரம் கத்தரிச் செடிகள் தீய்ந்து நின்றன.

“நீ போட்ட கையெழுத்துதானேண்ணே?” என்றாள் தங்கை. அன்றிலிருந்து தெளிந்த தண்ணீரைக் கண்டாலே குனிந்து முகர ஆரம்பித்துவிடுவார்.

அப்படிப்பட்டவரிடம்தான் ஆய்வுக்கூடத்து அம்மாள் வந்து சேர்ந்தார், கூடை கூடையாய் மரச்சிராயோடு. சிராய் முழுக்க வெள்ளை வெளேரென்று ஏதோ படர்ந்திருந்தது.

“பட்டுப்போன மரத்துல வருமே, அந்தப் பூஞ்சைதாண்ணே. மரத்தை இறுக்கிப் பிடிச்சிருக்கற கெட்டிச் சரக்கையே கரைச்சிடும். சாயம் இதுக்கு எம்மாத்திரம்?”

தொட்டிக்காரர் முகர்ந்து பார்த்தார். மழையில் நனைந்த கட்டை வாசம்தான் வந்தது. வாசனை வராத புதுப் பவுடராக இருக்கும் என்று முடிவுகட்டினார்.

சின்னத் தொட்டியில் ஊதாத் தண்ணீரை விட்டுக் கூடைகளை இறக்கினார்கள். ஆறாம் நாள் தொட்டியின் அடி தெரிந்தது. மேலாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு பதிவேட்டை நீட்டினார். அந்தச் சிரிப்பு ஒன்று போதாதா?

“முதல்லேருந்து வைங்க. இந்தத் தடவை காவல் நான்.”

புதுத் தண்ணீர், புதுக் கூடை. மேலேயிருந்து ஒரு சிட்டிகைகூட விழாதபடி தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். காற்று ஊதும் குழாய் வழியாக எதையாவது அனுப்பிவிட்டால்? அதையும் பிடுங்கி ஓட்டையை மெழுகால் அடைத்தார். பதினேழு முடிச்சு, பதினேழு அரக்கு முத்திரை. சாப்பாடும் அதன் பக்கத்திலேயே.

ஆறாம் நாள் எல்லோர் முன்னிலையிலும் அவிழ்த்தார். குப்பென்று நாற்றம். தண்ணீர் அதே ஊதா.

“பாத்தீங்களா! நான் காவல் இருந்தா வித்தை பலிக்கல.”

அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார். “மூச்சை அடைச்சுட்டீங்களேண்ணே! அது உசிருள்ளது. காத்து இல்லாம எப்படி வேலை செய்யும்?”

தொட்டிக்காரர் நாறிப்போன சிராயை ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். பவுடருக்கு ஏது மூச்சு? சிராய்மேல் இருந்தது பவுடர் என்றால், தார்ப்பாய்க்குள் கிடந்தும் நிறத்தை வெளுத்துத் தள்ளியிருக்குமே!

மூன்றாம் தடவை தார்ப்பாய் இல்லை, கொசுவலை. குழாயைப் பொருத்தியவரும் அவர், காற்றை விட்டவரும் அவர். ஆறாம் நாள் ஊதா போன இடம் தெரியவில்லை. பேனாவை எடுத்தார், அந்த இடத்திலேயே கையெழுத்தைப் போட்டு வால்வைத் திறந்துவிட்டார்.

“அந்த இடத்துலயேவா?” நான் கதை சொல்வதைக் கேட்டபடி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்தாள். “ரொம்பத்தான் அளக்கறீங்க பெரியம்மா. ஒரு சொம்புத் தண்ணியை வீட்டுக்குக் கொண்டாந்து, என் பச்சைப்பயறை அதுல ஊறப்போட்டு, மூணாம் நாள் முளையை ஒண்ணொண்ணா எண்ணிப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டாரு.”