சீரியல் லைட்டும் பால் கவரும்

பாலவாக்கத்தில் வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் சீரியல் லைட் வாங்குபவள் நான். பழி எல்லாம் உப்புக் காற்றின் மேல்.

இன்று கடைக்கு, அணைந்துபோன பழைய செட்டையும் தூக்கிக்கொண்டு போனேன். மழை படக் கூடாதென்று ஜாயின்ட்டுகளில் பால் கவரைச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியிருந்தேன். கடைக்காரர் ஒன்றை அவிழ்த்தார். அவர் மேஜை நனைந்தது.

"இன்னாக்கா, வயரை ஊறப்போட்டு வெச்சிக்கீறீங்க! தொப்பி மாரி மேல மட்டும் மூடுங்க. அடியில தொறந்து வுட்டா தண்ணி தானா எறங்கிடும்."

துருப்பிடித்த முனைகளை வெட்டிச் சேர்த்து, எரியவிட்டும் காட்டினார்.

புதியது வாங்கவில்லை. இதே செட் அடுத்த டிசம்பரிலும் எரியும். எரிய வைப்பேன்.

ஒரே சிக்கல், எங்கள் தெருவுக்கே கவர் கட்டச் சொல்லிக்கொடுத்தது நான்தான். நாளை காலை வீடு வீடாகப் போய் அவிழ்க்கப் போகிறேன்.

துணைக்கு யார் வருகிறீர்கள்? திட்டைப் பங்குபோட ஆள் வேண்டும்.