இடது பக்கம் என் பொறுப்பு

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் கல் தெறித்து என் வீட்டுக்காரருக்கு இடது கண் போனது. அதற்குப் பிறகும் மனுஷன் ஸ்கூட்டரை விடவில்லை. பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தால் என் முகம் இடது பக்கம்தானே இருக்கும்? அதனால் நாலு ரோடு சேரும் இடத்தில் வலது பக்கத்தை அவர் பார்ப்பார், இடது பக்கத்தை நான். எதுவும் வரவில்லை என்றால் பஸ் கண்டக்டர் மாதிரி "ரைட்" என்பேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிடுவார்.

லேசுப்பட்ட வேலையில்லை அது. லாரி எங்கேயோ தூரத்தில் இருக்கும், கண் இமைப்பதற்குள் பக்கத்தில் வந்துவிடும். குதிரை ஜட்கா கிட்டத்திலேயே வந்தாலும் தாண்டிவிடலாம். ஷிப்ட் விட்ட நேரத்துச் சைக்கிள் கும்பலில் சந்து கிடைக்கும் என்று நம்பவே கூடாது. எங்கள் ஓட்டை ஸ்கூட்டர் இருமி முனகிக் கிளம்புகிற நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். போகப் போக எனக்கு இது கை வந்துவிட்டது. கொஞ்சம் கர்வமும் வந்துவிட்டது.

ஒருநாள் ராபர்ட்சன்பேட்டைக்குப் படம் பார்க்கப் போனோம். வழியில் சிநேகிதக்காரர் ஒருவரைப் பார்த்து இவர் பேச நின்றதில் பாதிப் படம் போய்விட்டது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. திரும்பும்போதும் அது ஆறவில்லை. நாலு ரோட்டில் வண்டியை நிறுத்தியதும் அவர் சமாதானத்துக்கு வந்தார்.

"கோச்சிக்காதே. ஞாயித்துக்கெழம மறுபடி இட்டுக்கினு போறேன், இன்னா?"

"ரைட்டு, ரைட்டு" என்றேன் வெடுக்கென்று. போதும் உங்கள் சமாதானம் என்றுதான் அதற்கு அர்த்தம்.

அவர் காதில் அது வழக்கமான 'ரைட்'டாக விழுந்தது. ஸ்கூட்டர் பாய்ந்தது. இடது பக்கமிருந்து பஸ் வந்துகொண்டிருந்தது. அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் சிராய்ப்போடு எழுந்துவிட்டேன், பாவி. அவருக்கு முழங்கால் நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரரிடம், போகச் சொன்னது நான்தான் என்றேன். "ஓட்டுனது அவருதானேம்மா? பின்னால குந்தினு இருந்த உங்க மேல இன்னா தப்பு?" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமியாரிடம் சொன்னேன். அவர் பஸ்காரனைத் திட்டினார். கடைசியில் இவரிடமே சொல்லி அழுதேன். "நானும் ஒரு தபா திரும்பிப் பாத்திருக்கணும், வுடு" என்றார். இப்படி ஆளாளுக்குத் தள்ளிவிட்டால் நான் இதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது?

கால் ஓரளவு தேறி, என் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் நடக்க ஆரம்பித்தார். ஒரு சாயங்காலம் அதே நாலு ரோட்டைத் தாண்ட வேண்டியிருந்தது. தாராளமாக இடம் இருந்தும் எனக்குக் கால் எழவில்லை. ஒரு லாரி போனது, ஒரு பஸ் போனது, மறுபடியும் ரோடு காலியானது. காலி ரோட்டிலும் ஏதோ வருகிற மாதிரியே இருந்தது எனக்கு.

"இன்னா, விடியற வரைக்கும் இங்கியே நிக்கப் போறோமா?" என்று சிரித்தார். பிறகு என் தோளை இறுக்கிப் பிடித்து, "நீ இஸ்துக்கினு போ, நான் வரேன்" என்று சொல்லி, இருந்த ஒரு கண்ணையும் மூடிக்கொண்டார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.