வெயிலில் நின்ற பிரியாணி

அப்போது நான் சிவகாசிக்கு வெளியே ஒரு பட்டாசு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். தீபாவளி ஆர்டர் முழுக்கப் போய்ச் சேர்ந்ததற்காகப் பெண்களுக்கெல்லாம் கோழி பிரியாணி என்று மேனேஜர் அறிவித்தார். தன் சொந்த நிலத்தை எங்களுக்கு எழுதிவைப்பது போன்ற முகம்.

கம்பெனிக்குள் அடுப்பு மூட்டக் கூடாது. டவுனில் விடியற்காலையில் சமைத்து, அண்டாக்களை மூடி, ஏழு மணிக்கே வேனில் கொண்டுவந்துவிட்டார்கள். முதலாளி வந்து போட்டோ எடுக்காமல் மூடியைத் திறக்கக் கூடாது என்றார் மேனேஜர். முதலாளி வர மதியம் ஒன்றரை ஆயிற்று. அதுவரை வேன் வெயிலில் நின்றது. கலந்த பட்டாசு மருந்து நேரம் கடந்து கிடந்தால் ஆபத்தென்று தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவர் அவர். சமைத்த கறிக்கும் ஒரு நேரம் உண்டென்பது அந்த மண்டைக்கு எட்டவில்லை.

என்னோடு பேக்கிங் செய்யும் மதினி, உறவில்லை, அப்படித்தான் கூப்பிடுவேன், கறியைப் பிய்த்துப் பார்த்துவிட்டு இலையைத் தள்ளினாள்.

"எலும்போரம் செவப்பாக் கெடக்கு, வேகவே இல்ல. சோறும் நொசநொசங்குது. திங்காத தாயி."

மேனேஜர் காதில் விழுந்துவிட்டது. "கறின்னா கறி வாடைதாம்மா அடிக்கும். மல்லியப்பூ வாடையா அடிக்கும்? ஓசில கெடைச்சா எம்புட்டு எளக்காரம்!"

ஓசி என்ற அந்த ஒரு சொல்லுக்கே எழுந்து போயிருக்க வேண்டும். நான் தின்றேன். மற்றவர்கள் தின்கிறார்களே என்று தின்றேன். பாதியை மகளுக்கென்று டிபன் பாக்ஸில் வேறு அள்ளிக்கொண்டேன்.

வேலை முடிந்து திரும்பும் கம்பெனி வேனில் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். வண்டி குலுக்கல் என்று நினைத்தேன். அப்படி நினைத்த என்னை இன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகளுக்கு அதையே கொடுத்தேன். அவள் சாப்பிட்டு முடிக்கும்போது என் வயிறு முறுக்கத் தொடங்கியது. பிறகு அவளுக்கும்.

மூன்று நாள் அரசு ஆஸ்பத்திரியில் தாயும் மகளும் ஒரே கட்டிலில் கிடந்தோம். இரண்டு பேர் கையிலும் டிரிப்ஸ் ஏறியது. மகள் உதடு வெடித்துப் போயிருந்தது. வேகாத கறியும், மணிக்கணக்கில் மூடிவைத்த சோறும் கிருமிக்கு விருந்து என்றார் டாக்டர். "வீட்டுல போய்த் திரும்பச் சூடு பண்ணுனாலும் சில விஷம் போகாதும்மா."

மேனேஜர் ரொட்டிப் பாக்கெட்டோடு வந்தார். மகளை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. குனிந்து என்னிடம், "ஆபீசர் வந்து கேட்டாக்க கல்யாண வீட்டுல சாப்பிட்டோம்னு சொல்லீருங்க" என்றார். எங்களைப் பார்க்க வந்திருந்த மதினி கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"யாரு கல்யாணம் சார்? ஒங்களுக்கா?"

எங்கள் கம்பெனிப் பெண்கள் கிடந்த சுற்றுக் கட்டில்களில் எல்லாம் சிரிப்பு. சிரிக்க முடியாதவர்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

உணவு அதிகாரி வந்தபோது மதினி நடந்ததை அப்படியே சொன்னாள். நானும் சொன்னேன். சமைத்தவர் மட்டும் அபராதம் கட்டினார். வேனை வெயிலில் நிறுத்தியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அடுத்த வாரம் அங்கே வேலை இல்லை. சாத்தூர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீசில் சேர்ந்தோம்.

பஸ் ஸ்டாண்டில் சில நேரம் அந்த மேனேஜர் எதிரே வருவார். "நல்லாருக்கீகளா?" என்று கேட்பார். முகத்தைத் திருப்பிக்கொண்டால், அவரை ஒரு ஆளாகக் கவனித்த மரியாதை ஆகிவிடும். அவரைத் தாண்டி பஸ் போர்டைப் படிப்பேன்.