கேட்டுவிட்டு உட்கார்ந்தவர்

அன்று காலை ஜெமீல் நானாவைத் திட்டுவதற்காகவே நான் போனைக் கையில் எடுத்திருந்தேன். என் கட்டிலின் ஒரு கால் ஆட்டம் கண்டு மாதக்கணக்காகிறது. ஓடாவியை, அதாவது எங்கள் ஊர்ப் பேச்சில் தச்சரை, "நாளைக்குக் கூட்டிட்டு வாறேன் மகள்" என்று சொல்லிச் சொல்லியே அவர் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று இறால் குளத்து வரம்பில் நின்றபடி எண்ணைத் தேடியபோது போன் அடித்தது. அவருடைய எண்தான். பேசியது அவருடைய மகள் ஷிபானா.

"அக்கா, வாப்பா சுபஹுக்கு மௌத்தாகிட்டாங்க."

விடியற்காலைத் தொழுகை நேரத்தில் இறந்துவிட்டாராம். திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த சொற்களை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அந்த மனிதர் எதையும் சொன்ன நேரத்தில் செய்ததில்லை. இதை மட்டும் யாரிடமும் சொல்லாமல் செய்துவிட்டார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நானா என்றால் இங்கே அண்ணன். ஜெமீல் நானா இலங்கையில் புத்தளம் பக்கத்துக் கனமூலை ஊர்க்காரர். முந்தலில் நான் வேலை பார்க்கும் இறால் பண்ணையில் ஸ்டோர் பொறுப்பாளராக இருந்தார். தெரிந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. அவர்களும் என்னைப் போல் ஒருமுறையாவது கையெடுத்துக் கும்பிட்டு, "விட்டுவிடுங்கள் நானா, நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று கெஞ்சியிருப்பார்கள். இறந்தவர்களைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்லத்தான் போகிறேன். ஆனால் அது வரிசையில் கொஞ்சம் பின்னால் நிற்கிறது.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பண்ணைகள் மறுபடி ஆள் தேடிய காலம். குளத்துத் தண்ணீரைப் பரிசோதிக்கும் வேலைக்குத் தூத்துக்குடியிலிருந்து வந்து சேர்ந்தேன். எங்கள் ஊருக்கும் புத்தளத்துக்கும் நடுவில் ஒரு கடல்தான். அந்தக் கரையிலும் உப்பளம், இந்தக் கரையிலும் உப்பளம். இரண்டு பக்கமும் தமிழ். அதனால் நான் வெளிநாட்டுக்காரி என்ற நினைப்பே எனக்கு இல்லை. கடைக்காரர்களுக்கு இருந்தது.

முந்தல் பிரதான வீதியில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியை வாடகைக்குப் பிடித்தேன். இரண்டு அறை, குசினி என்கிற ஒரு சமையலறை. முன்னால் இருந்தவர் பல்புகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார். என் வாழ்க்கையில் எனக்கென்று அமைந்த முதல் வீடு அது. கையில் இருந்ததோ அடுத்த சம்பளம் வரை சாப்பிடுவதற்கான காசு. முதல் வேலையாகப் புத்தளம் டவுனுக்குப் போய், "இந்த நாற்காலி என்ன விலைங்க?" என்று கேட்டேன். கடைக்காரர் அன்பாகச் சிரித்து, "இந்தியாவா?" என்றார். அந்த அன்புக்கும் சேர்த்து ஒரு விலை சொன்னார்.

மறுநாள் இதைப் பண்ணையில் சொல்லிப் புலம்பியதுதான் நான் செய்த தவறு. ஸ்டோருக்குள்ளிருந்து ஜெமீல் நானா எட்டிப் பார்த்தார்.

"கடையில நீங்க வாயத் தொறக்க வாணாம் மகள். நீங்க கதைச்சா வெல ஏறுது. நான் கதைக்கிறேன்."

அன்று மாலையே இரண்டு பல்புகளுடன் மாடிப்படி ஏறி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ளுக்கு வரலாமா?" என்று கேட்டார். வந்தார். பல்பை மாட்டினார். வெறும் அறையின் நடுவில் நின்றுகொண்டு, "குந்தலாமா மகள்?" என்று கேட்டார். உட்கார ஒரு முக்காலிகூட இல்லாத வீடு. என்ன கேலி இது என்று நினைத்தேன். "உட்காருங்க நானா" என்றேன். பிறகுதான் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

சாமான் வாங்க அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. "மொத நாள் பாக்கோணும். ரெண்டாம் நாள் அந்தக் கடைப் பக்கத்தால போகோணும், போறத அவன் காணோணும். மூணாம் நாள்தான் வெல கதைக்கோணும்." இந்தச் சட்டப்படி ஒரு ஜோடி பிளாஸ்டிக் நாற்காலிக்காக, அவர் பேச்சில் கதிரைக்காக, மூன்று தடவை பஸ் ஏறினோம். மூன்றாம் நாள் போனபோது கதிரைகள் விற்றுப் போயிருந்தன. எனக்கு அழுகை வந்தது. அவருக்கோ பெருமை. "பாத்தீங்களா, நல்ல கதிரை எண்டு நான் சொன்னேன்தானே."

பாலாவியில் ஒரு லொறிக்காரர் பழைய பிரிட்ஜ் ஒன்றை விற்கிறார் என்று அழைத்துப் போனார். அன்று மட்டும் சட்டத்தைத் தளர்த்தி ஒரே நாளில் விலை பேசி முடித்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து பிளக்கைச் செருகியதும் அது லொறி போலவே சத்தம் போட்டது, குளிரவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "நல்ல இறுக்கமான கதவு. அரிசி பருப்பு வைங்க, எலி பூரேலா" என்றார். கோபத்தில் அன்று அவருக்குத் தேநீர்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் இன்றுவரை என் அரிசி அதில்தான் இருக்கிறது. எலியும் உள்ளே புகவில்லை.

இப்படி நான் பாயில் படுத்து, தரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அம்மாவின் போன் வந்தது.

அப்பா போன பிறகு அம்மா என் அண்ணன் வீட்டில் இருந்தார். நான் கடல் தாண்டி வேலைக்கு வருவதில் அண்ணனுக்கு விருப்பமே இல்லை. எனக்கென ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அம்மா சொன்னது இதுதான்: "நான் வந்து பாக்கேன். மனுசர் இருக்க வீடு மாதிரி இருந்தா இரு. இல்லைன்னா கையோட கூட்டிட்டுப் போயிருவேன். அண்ணன்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்."

அம்மா ஒரு சொல் சொன்னால் அது நடக்கும். என் வேலையும் இந்த வீடும் இப்போது ஒரு கட்டிலையும் ஓர் அலுமாரியையும் நம்பி நின்றன. ஜெமீல் நானாவிடம் போய், மூன்று நாள் சட்டமெல்லாம் இனிக் கிடையாது, எனக்கு உடனே ஒரு சின்னக் கட்டிலும் சின்ன அலுமாரியும் வேண்டும் என்றேன். அவர் முகம் வாடியது. என்றாலும் பாலாவியில் ஒரு தளபாடக் கடைக்கு அழைத்துப் போனார். போகும் வழியெல்லாம், "வாயத் தொறக்க வாணாம்" என்பதுதான் பேச்சு.

கடை முதலாளி வயதானவர். யாருக்குக் கட்டில் என்று கேட்டார்.

"மகளுக்கு" என்றார் நானா.

முதலாளி என் நெற்றிப் பொட்டையும் நானாவின் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எண்ட மகள் மாதிரித்தான். இந்தியாவால வந்த புள்ள. வாப்பா இல்ல."

"அப்ப யத்தீம் புள்ள" என்றார் முதலாளி. தகப்பன் இல்லாத பிள்ளை என்று பொருள். அவர் குரல் இளகிவிட்டது. "கலியாணம் எப்ப?"

நான் வாயைத் திறந்தேன். நானா பலமாக இருமினார். "நாள் இன்னும் வைக்கல்ல" என்றார். அது பொய்யில்லை என்று பிறகு பஸ்ஸில் என்னிடம் வாதாடினார். நாள் வைக்கவில்லைதானே என்று. முதலாளி சொன்ன விலை நம்பவே முடியாத அளவுக்குக் குறைவு. காசைக் கொடுத்தேன். வியாழக்கிழமை லொறியில் அனுப்பிவைப்பதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை லொறி வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. சனிக்கிழமை காலை கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, பஸ்ஸில் இடிபட்டு அம்மா வந்து சேர்ந்தார். மாடி ஏறி அறைகளைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். பிரிட்ஜைத் திறந்து உள்ளே இருந்த அரிசியையும் பார்த்தார். கைப்பையை மட்டும் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

அப்போதுதான் லொறி வந்தது. இறங்கியது நான் காசு கொடுத்த சின்னக் கட்டில் இல்லை. தலைமாட்டில் பூவும் கொடியும் செதுக்கிய பெரிய இரட்டைக் கட்டில். அதற்கு ஜோடியாக ஆளுயரக் கண்ணாடி மேசை. மூன்று கதவு அலுமாரி. ஒவ்வொன்றாக மாடி ஏறி வந்த எல்லாவற்றிலும் சிவப்பு ரிபன். கூடவே கடை முதலாளி, கையில் ஒரு பெட்டி மஸ்கட் அல்வாவுடன்.

"யத்தீம் புள்ளைட கலியாணம். சின்னக் கட்டில் குடுத்தா எனக்குத் தூக்கம் வருமா?" என்றவர், அம்மாவைப் பார்த்து மரியாதையாக, "நீங்க மாப்பிள்ள வீடா?" என்று கேட்டார்.

அம்மா என் பக்கம் திரும்பினார்.

"யாருட்டி அவன்?"

தலையில் மெத்தையைச் சுமந்துகொண்டு ஜெமீல் நானா படியேறி வந்த நேரம் அது. நான் அதுவரை அவர் மேல் வைத்திருந்த கோபமெல்லாம் சேர்ந்து வந்தது. "நீங்களே சொல்லுங்க நானா" என்றேன். இவர் வாயால் என் வீடு போகப் போகிறது என்றுதான் நினைத்தேன். அவர் மெத்தையை இறக்கி வைத்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"கலியாணம் இல்ல தங்கச்சி. மாப்பிள்ளையும் இல்ல. வீடு மட்டும்தான்."

"மாப்பிள்ளை இல்லாம எதுக்கு இவ்வளவு சாமான்?"

"எங்கட பக்கம் அப்பிடித்தான். வீடு பொம்பளைக்கு. மாப்பிள்ள பொறகு வருவான், வராமலும் போவான். வீடு இரிக்கோணும்." மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தொடர்ந்தார். "நானும் பொண்டாட்டிட வீட்டுலதான் இரிக்கிறேன், கலியாணம் முடிச்ச நாள்ல இரிந்து. அவ எழும்புங்க எண்டா எழும்பிப் போகோணும். அந்தப் பயத்துலதான் நல்ல மனுசனா இரிக்கிறேன். உங்கட மகள இந்த வீட்டுல யாரும் எழும்பு எண்டு சொல்லேலா."

அம்மா கட்டிலின் தலைமாட்டுப் பூவை ஒரு விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "என்னைய எழும்புன்னு சொல்ல அங்க நாலு பேர் இருக்காங்க."

எனக்கு அது புதிய செய்தி போலக் கேட்டது. அண்ணன் வீட்டில் அம்மா கூடத்தில் பாய் விரித்துப் படுப்பதும், விருந்தாளி வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு குசினிக்குப் போவதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அது ஒரு விஷயமென்று எனக்குத் தோன்றியதில்லை.

கல்யாணம் இல்லையென்றால் சாமான்களைத் திருப்பி எடுத்துப் போங்கள் என்று அம்மா முதலாளியிடம் சொன்னார். அவர் நானாவை ஒரு முறை முறைத்தார். அந்த முறைப்பு எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. பிறகு, "குடுத்தது குடுத்ததுதான். பொம்பள வீட்டுக்குத்தானே" என்று மஸ்கட் பெட்டியை அம்மா கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அம்மா கைப்பையைக் கீழே வைத்தார். பிறகு வாசலைப் பார்த்து, "உள்ள வாங்கண்ணே, உக்காருங்க" என்றார். அதற்குப் பிறகுதான் நானா வாசற்படியைத் தாண்டினார்.

இரண்டு வாரத்துக்கென்று வந்த அம்மா விசா முடியும்வரை இருந்தார். அந்தக் கட்டிலில் அவர் படுத்தார், நான் பாயில். அடுப்பு வாங்க அம்மாவும் நானாவும் சேர்ந்து போனார்கள். நானாவின் சட்டத்தை அம்மா கேட்டுக்கொண்டார். கடையில் விலையைக் கேட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே நடந்துவிட்டார். கடைக்காரரும் நானாவும் சேர்ந்து பஸ் நிலையம் வரை அவர் பின்னால் ஓடினார்களாம். ஊருக்குப் புறப்பட்ட அன்று, வா என்று என்னைக் கூப்பிடவில்லை. "வீட்டை விட்டுறாதட்டி" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகும் ஜெமீல் நானா திருந்தவில்லை. அவர் வாங்கித் தந்த மின்விசிறி ஒரே வேகத்தில்தான் சுற்றும். அவர் சிபாரிசு செய்த திரைச்சீலை ஜன்னலுக்கு ஒரு சாண் குறைவு. ஆனால் எத்தனை நூறு தடவை வந்திருந்தாலும், வாசலில் நின்று "வரலாமா?" என்று கேட்காமல் வந்ததில்லை. நான் சொல்லாமல் உட்கார்ந்ததில்லை. கோபத்தில் சில நாள் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருக்கிறேன். நின்றபடியே தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். என் அப்பா, அண்ணன், மாமன்மார் யாரும் ஒரு பெண்ணிடம் கேட்டுவிட்டு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஷிபானாவின் போன் வந்த அன்றே கனமூலைக்குப் போனேன். முன்வீடு ஷிபானாவுடையது. மகளுக்குக் கல்யாணமானதும் வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னால் இருந்த அறைக்கு நானாவும் அவர் மனைவி ஹபீபா ராத்தாவும் மாறியிருந்தார்கள். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு பெண்களோடு போய் அமர்ந்தேன். குளிப்பாட்டி, வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். ஊருக்கெல்லாம் சாமான் வாங்கிக் கொடுத்தவரின் அறையில் அவருடையது என்று நான் கண்டது ஆணியில் தொங்கிய ஒரு சட்டை, ஒரு தொப்பி.

நேரம் ஆனதும் மருமகன் வாசலில் வந்து நின்று, "மாமி, எடுக்கலாமா?" என்று கேட்டார். வெளியே பள்ளிவாசலின் சந்தூக்கை, உடலைச் சுமந்து செல்லும் பெட்டியை, வைத்துக்கொண்டு ஆண்கள் காத்திருந்தார்கள்.

ஹபீபா ராத்தா அதுவரை அழவில்லை. குனிந்து, நானாவின் முகத்தருகே, குறை சொல்வது போலச் சொன்னார்:

"நான் ஒரு நாளும் எழும்புங்க எண்டு சொல்லல்லயே."

பிறகு மருமகனைப் பார்த்துத் தலையசைத்தார். ஆண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த ஊர் வழக்கப்படி நாங்கள் பெண்கள் வீட்டிலேயே நின்றோம்.

ஜெமீல் நானா, கட்டில் கால் இன்னும் ஆடுகிறது. அடியில் ஓட்டுத் துண்டு ஒன்றை வைத்திருக்கிறேன். நாளைக்கு, நாளைக்கு என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்த ஓடாவியை இனி நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன். வாயைத் திறந்துதான் பேசுவேன். விலை ஏறினால் ஏறட்டும். எங்கே போயிருக்கிறீர்களோ அங்கும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருப்பீர்கள். காக்க வைக்காமல் உங்களை உட்காரச் சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறேன். போய் வாருங்கள்.